ஒரு மில்லிவாட் வெளிச்சம்

எங்கள் பள்ளிக்கூடத்து லேசரை நான்தான் உடைத்தேன் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நான் உடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபமில்லாமல் எழுத வேண்டும் என்று மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். கோபமில்லாமல் வராது போலிருக்கிறது. வந்தபடி எழுதுகிறேன்.

மிஷன்காரர்கள் தொடங்கிக் கல்லூரி என்று பெயர் வைத்த அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து நாலின் கடைசியில், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்தார். வரும்போது உடுப்புகளுக்குள் சுற்றி ஒரு சிறிய லேசர் கொண்டுவந்து கல்லூரிக்குக் கொடுத்தார். ஒரு முழம் நீளக் கண்ணாடிக் குழாய், அதற்கு ஒரு தகரக் கூடு, பக்கத்தில் மின்சாரம் கொடுக்கிற பெட்டி. ஒரு மில்லிவாட் சிவப்பு வெளிச்சம். அதோடு ஒரு கட்டுரையின் பிரதியையும் என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டுரையை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. சாதாரண நுணுக்குக்காட்டியில் பொருள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம் விழுகிறது. அதில் மிகக் கெதியாக அசைகிற எதையும் கண்ணால் பிடிக்க முடியாது, கலங்கல்தான் தெரியும். கட்டுரையில் இருந்த கருவியோ லேசரை ஒரு புள்ளியாகக் குவித்து, ஆடுகிற கண்ணாடி ஒன்றால் அந்தப் புள்ளியைப் பொருளின் மேல் கோடு கோடாக ஓடவிடுகிறது. ஒவ்வொரு கோட்டிலும் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்று ஒளியை உணரும் ஒரு கருவி எழுதிக்கொண்டே போகிறது. கோடு கெதியாக ஓடினால் கெதியான அசைவும் அகப்பட்டுவிடும்.

சிப்பிக்குள் இருக்கிற மட்டியின் பூவை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும். பூ என்றால் அது மூச்சு விடுகிற செவுள். அதன் ஓரம் முழுக்கக் கண்ணிமை மயிர் போலப் பிசிர்கள், ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பார்த்தால் தண்ணீரில் வெயில் பட்டதுபோல ஒரு மினுக்கம்தான். ஒரு பிசிர் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று தெரியாது. புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எனக்குப் புத்தகத்துப் படம் போதவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. அந்த ஆசைக்கு அன்றும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றும் கேட்கப் போவதில்லை.

அதிபர் லேசரைத் தன் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பரிசளிப்பு விழாவில் வெளியே எடுத்து, மண்டபத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுத்திக் காட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு திரும்பவும் பூட்டு. ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம், "உடைஞ்சால் ஆர் பொறுப்பு?" என்பார். கடைசியில், "நான் பொறுப்பு சேர்" என்று ஒரு கடிதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் பூட்டின் திறப்பைத் தந்தார்.

கருவி கட்டுவதற்கு ஆள் தேடிக் குருநகருக்குப் போனேன். கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் ஒருவர் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தகப்பன், தமையன்மார் எல்லோரும் கடல் தொழில். இவர் மட்டும் சின்ன வயதிலேயே ரேடியோவைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கி, கடலுக்குப் போகாமல் கரையிலேயே தங்கிவிட்டார். பத்தாம் வகுப்புத் தாண்டவில்லை.

"அண்ணை, ஒரு செக்கனுக்கு அம்பது தரம் ஆடுற கண்ணாடி ஒண்டு வேணும்."

"முகம் பாக்கவோ ரீச்சர்?"

"இல்லை, வெளிச்சத்தைத் தட்டிவிட."

அவர் மேசைக்கு அடியில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கரை எடுத்து, அதன் கடதாசியில் விரலால் தட்டினார். "இது ஆடும். ஆனா கண்ணாடி பாரமா இருக்கக் கூடாது. கடதாசி பாரம் தாங்காது."

நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தட்டை மூடுகிற மெல்லிய மூடுதுண்டு ஒன்றை எடுத்து, இரசாயன ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் வெள்ளி பூச வைத்தேன். காய்ந்த சருகைப் போல அத்தனை லேசான முகக்கண்ணாடி. அவர் அதை ஸ்பீக்கரின் ஓரத்தில் ஒரு சின்னக் கடதாசிக் கீல் வைத்து ஒட்டினார். வீட்டு மின்சாரமே செக்கனுக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய் வருவதுதான். அதைத் தணித்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தோம். லேசர் பொட்டு சுவரில் ஒரு கோடாக நீண்டது.

ஒளியை உணரும் கருவிக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு பழைய ட்ரான்சிஸ்டரைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு மேலை கறுப்புப் பெயின்ற் அடிச்சு விட்டிருக்கிறாங்கள். ஏனெண்டு தெரியுமோ ரீச்சர்? வெளிச்சம் பட்டால் இதுக்கு விசர் பிடிச்சுத் துள்ளும்." சவர பிளேட்டால் பூச்சைச் சுரண்டினார். மீற்றரில் மாட்டி வாசல் வெயிலுக்குக் காட்டியதும் முள் துள்ளி எழும்பியது. "உங்களுக்கு வேண்டியது இந்த விசர்தானே?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை.

பின்னேரங்களில் வகுப்பு முடிந்த பிறகு கல்லூரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். அவருடைய மனைவி பால்மாத் தகரப் பேணியில் கடல் தண்ணீர் விட்டு உயிர் மட்டி தந்து அனுப்புவா. லேசரை ஆடுகிற கண்ணாடியில் பட்டு நுணுக்குக்காட்டிக்குள் இறங்கும்படி வைத்தோம். அடியில் சுரண்டிய ட்ரான்சிஸ்டர். அதிலிருந்து வருவது ஒசிலஸ்கோப் என்கிற அலைவுகாட்டித் திரையில் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். பிசிர் நிற்கிற இடத்தில் கோடு மேடாகும்.

இரண்டு மாதம் ஒன்றும் சரிவரவில்லை. கண்ணாடி கழன்று விழுந்தது. மின்சாரம் நின்றது. மின்சாரம் வந்த நாட்களில் மட்டி செத்துக் கிடந்தது. ஆமி இருந்த கோட்டைப் பக்கம் ஷெல் அடித்தால் மேசை அதிரும், கோடு திரையை விட்டே போய்விடும். ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "ஊர் எரியுது. உமக்கு மட்டியின்ரை பூவோ?" கேட்டவர் மட்டும் ஊர் எரிகிறதென்று மத்தியானம் சாப்பிடாமலா இருந்தார்?

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோடு அசையாமல் நின்றது. மேட்டை மட்டும் காணோம், இல்லை, இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பிடிபடாத கெதி. ரேடியோக்கடைக்காரர் என்னிடம் கமராவை வாங்கித் திரைக்கு முன்னால் வைத்தார். "கமராவின்ரை வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு ஃபிலிமை நான் மெல்லச் சுத்திறன். ஒவ்வொரு கோடும் ஒண்டுக்குக் கீழை ஒண்டா விழும்." அப்படியே செய்தார். மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்னப் பிடியைச் சுற்றினார்.

ஃபிலிமை ஸ்ரூடியோவில் கழுவி எடுத்தபோது, ஈரம் காயமுன்னம் யன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தோம். உழுத வயலைப் போலக் கோட்டுக்குக் கீழ் கோடு. மேடு ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போயிருந்தது. போகும்போது இரண்டே கோட்டில் போய்விட்டது. திரும்பி வர நாலு கோடு எடுத்தது. பிறகு திரும்பவும் அதே மாதிரி. பிறகும் அதே மாதிரி.

"கெதியாப் போய் ஆறுதலாத் திரும்புது, என்ன ரீச்சர்?"

"ஓம் அண்ணை."

"ஏன் அப்பிடி?"

"போகேக்கை விறைச்சுக்கொண்டு தண்ணியைத் தள்ளும். வரேக்கை வளைஞ்சு தண்ணிக்குள்ளாலை நழுவி வரும். இல்லாட்டில் போன தண்ணியைத் திருப்பிக் கொண்டந்திடுமெல்லோ."

"துடுப்பு வலிக்கிற மாதிரி" என்றார் அவர். கடலுக்குப் போகாத மனிதர். ஸ்ரூடியோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் யன்னலோடு நின்று பைத்தியங்களைப் போலச் சிரித்தோம்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்தேன். மேசையில் ஸ்பீக்கர் இருந்தது, நுணுக்குக்காட்டி இருந்தது, லேசர் இல்லை.

நேராக அதிபரின் அறைக்குப் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

"இயக்கப் பொடியள் வந்தாங்கள். கேட்டாங்கள். குடுத்தன்."

"என்னத்துக்குக் கேட்டவங்கள் சேர்?"

"உதெல்லாம் நான் கேக்கேலுமோ? லேசர் எண்டால் ஏதோ தூரத்திலை நிக்கிறதைச் சுடுறது எண்டு ஆரோ சொல்லியிருக்கிறாங்கள்."

"அது ஒரு மில்லிவாட் சேர். அதாலை ஒரு எறும்பைக்கூடச் சுடேலாது. நீங்கள் சொல்லியிருக்கலாமே. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் ரெண்டாம் மாடியிலைதானே நிண்டனான்."

"பிள்ளை, சத்தம் போடாதையும்." மேசை லாச்சியிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார். லேசரைத் தந்த பழைய மாணவருக்கு எழுதி வைத்த கடிதம். பரிசோதனை ஒன்றின்போது குழாய் தவறுதலாக உடைந்துவிட்டது, மனம் வருந்துகிறோம் என்று இருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். "இதிலை வையும். பொறுப்பெண்டு நீர்தானே எழுதித் தந்தனீர்?"

அவர்கள் கேட்டது தப்பு. அதிபர் பயந்தது எனக்கு விளங்கியது. துவக்கோடு வருகிறவர்களுக்கு முன்னால் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் அந்தப் பயம் போன பிறகு, ஆறுதலாக இருந்து, நல்ல எழுத்தில், என் பெயரைப் போட்டு அந்தக் கடிதத்தை எழுதினாரே. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்து அவருடைய மேசையில் போட்டுவிட்டு வந்தேன். பிறகு அவர், நான் உடைத்ததாகத் தானே கையெழுத்து வைத்து இன்னொன்று அனுப்பியிருக்கிறார்.

லேசர் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்து வீட்டில் இருக்கிறதென்று ஒரு மாணவன் சொன்னான். சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ரேடியோக்கடைக்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. "தனியப் போகவேண்டாம், நானும் வாறன்" என்று அவரும் தன் சைக்கிளில் ஏறினார்.

வாழைகளுக்குள் ஒரு கல்வீடு. பொறுப்பாக இருந்த இளைஞன் மரியாதையாகக் கதிரை போட்டான். எங்கள் கல்லூரியில் படித்தவன்தான், என் வகுப்பு இல்லை. விறாந்தை மேசையில் தகரக் கூடு திறந்து கிடந்தது. பக்கத்தில் குழாய், இரண்டு துண்டாக. உள்ளே இருந்த வாயு அதே கணத்தில் போயிருக்கும். இனி அது வெறும் கண்ணாடி.

"ஆர் இதை உடைச்சது?"

"பவரைக் கூட்டிப் பாத்தனாங்கள் ரீச்சர். கூடேல்லை. கழட்டிப் பாத்தம்."

"உது விளக்கு. பென்சில் நுனியளவு விளக்கு. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்திலை சொல்லியிருப்பன்!"

அவன் குரல் உயர்த்தவில்லை. "சனம் சாகுது ரீச்சர். நீங்கள் மட்டியைப் பாக்கிறியள்."

அந்த வார்த்தையோடு எனக்குள் எல்லாம் அறுந்துவிட்டது. எழும்பி நின்று கத்தினேன். "சனம் சாகிறது எனக்குத் தெரியாதோ? என்ரை வகுப்பிலை மூண்டு கதிரை வெறுமையாக் கிடக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன? எல்லாத்தையும் உடைச்சுப்போட்டுச் சனத்துக்கு எண்டு சொன்னால் சரியோ? உங்களிலை ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கோ? இந்தா, இவரைப் பாருங்கோ. பத்தாம் வகுப்பு. பழைய ட்ரான்சிஸ்டரைச் சுரண்டிக் கண்ணாக்கினவர். ஸ்பீக்கரிலை கண்ணாடி கட்டி வெளிச்சத்தை ஓடவிட்டவர். உங்கடை முழு ஆக்களிலையும் ஒருத்தருக்கு இந்த மூளை இருக்கோ?"

அந்த இளைஞன் முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான்.

"அண்ணை எவ்விடம்?"

"குருநகர்" என்றார் அவர், நிலத்தைப் பார்த்தபடி.

திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. நான்தான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஏன் பேசவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குள் இடமிருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து இயக்கக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏதோ திருத்த வேலை, இரண்டு நாளில் விடுவோம் என்று சொன்னார்களாம். எனக்குச் செய்தி கிடைத்தது ஒரு கிழமைக்குப் பிறகு. ஓடினேன். கடைக் கதவு பூட்டியிருந்தது. பின்பக்க வீட்டு வாசலில் அவருடைய மனைவி நின்றா. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என்ன சொன்னனீங்கள் அங்கை?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"கெட்டித்தனத்தை ஊரிலை ஒருத்தருக்கும் காட்டாமல்தான் அந்த மனிசன் இவ்வளவு நாளும் இருந்தது. எதைக் குடுத்தாலும் தெரியாது, பழுதாப்போச்சுது எண்டு சொல்லிச் சொல்லித் தப்பினது. நீங்கள் போய் ஒரு நிமிஷத்திலை வித்துப்போட்டு வந்திருக்கிறியள். உங்கடை கோவம் உங்களுக்குப் பெரிசு."

மாதக்கணக்காக உயிர் மட்டி தந்துவிட்ட அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டா.

அதற்குப் பிறகு என் கோபம் எங்கே திரும்புவதென்று தெரியாமல் அலைந்தது. அதிபரைத் திட்டிப் படுப்பேன், எழும்பும்போது என்னைத் திட்டிக்கொண்டு எழும்புவேன். வெளிநாட்டிலிருந்த பழைய மாணவருக்கு நடந்ததை எல்லாம் எழுதி, படத்தின் பிரதி ஒன்றும் வைத்து அனுப்பினேன். பதில் வந்தது. படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே உயிரோடு இருப்பதே பெரிய காரியம், இப்படியான சின்னச் சாமான்களுக்காக மனம் நோக வேண்டாம் என்று ஆறுதல் எழுதியிருந்தார். இயக்கக்காரப் பொடியனும் அதைத்தான் சொன்னான், ஆசிரியர் அறையில் சிரித்தவரும் அதைத்தான் சொன்னார். எங்களுக்கு எது தேவை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எங்களைத் தவிர.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். மெலிந்து, இடது காது கேட்காமல். என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை. கடையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தார். சாமான்களில் பாதியைக் கட்டியாகிவிட்டது. தமையனின் வள்ளத்தில் குடும்பத்தோடு, அகதிகளாகக் கடல் தாண்டி அக்கரைக்குப் போகிறார்களாம்.

"என்னாலைதான் அண்ணை" என்றேன்.

வலது காதைத் திருப்பினார். திரும்பவும் சொன்னேன், உரத்து. இப்படிப்பட்ட ஒன்றைக் கத்திச் சொல்வது எவ்வளவு கஷ்டம்.

"நீங்கள் பொய் சொல்லேல்லைத்தானே ரீச்சர்" என்றார். "ஒருத்தரும் என்னைப் பற்றி அப்பிடிச் சொன்னதில்லை. அந்த நேரம் பயமாத்தான் இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும். அந்த மாதமே அவர்கள் போய்விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் அதிபர் ஓய்வு பெற்றார். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போய் இரண்டு வருஷம். மண்டபத்தில் மைக் இல்லை, தொண்டையைத் திறந்துதான் பேச வேண்டும். பிரியாவிடைக் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் புகழ்ந்தார்கள். யுத்தத்துக்குள்ளும் கல்லூரியைக் காப்பாற்றியவர் என்றார்கள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. பிறகு ஒருவர், இந்தத் தீவிலேயே எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத லேசரைக் கொண்டுவந்து விஞ்ஞானத்தை வளர்த்தவர் என்றும், அதைக் கவனமில்லாத ஒருவர் கையாண்டபடியால் இழந்தோம் என்றும் பேசினார். என் பக்கம் பார்க்காமல் பேசினார். அடுத்தது நன்றியுரை. நன்றியுரை என்னுடையது.

எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்தேன்.

"லேசரை அதிபர் கொண்டுவரேல்லை. ஒரு பழைய மாணவர் தந்தவர். ஒன்றரை வருஷம் பூட்டித்தான் கிடந்தது. அதை வைச்சு ஒரு கருவி செய்தது குருநகரிலை ரேடியோ திருத்தின ஒருத்தர். இந்தக் கல்லூரியின்ரை எந்தப் புத்தகத்திலையும் அவரின்ரை பேர் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் அதாலை ஒரு படம் எடுத்தம். நான் லேசரை உடைக்கேல்லை. வந்து கேட்டவைக்கு அதிபர் எடுத்துக் குடுத்தவர். குடுத்துப்போட்டு நான் உடைச்சன் எண்டு கடிதம் எழுதினவர். கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் நன்றி."

பின்வரிசையில் மாணவர்கள் சிலர் கை தட்டத் தொடங்கி, யாரோ முறைத்ததும் நிறுத்திவிட்டார்கள். பிறகு தேத்தண்ணீர் வந்தது, வடை வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆசிரியர் அறைக்காரர்கள் மழை பெய்யுமோ என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். அதிபர் மாலையோடு என்னிடம் வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் நின்றேன்.

"வெயிலுக்கை வந்த களைப்புப்போலை, பிள்ளை. தேத்தண்ணி குடியும்" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கோப்பை கையில் இருந்தது. அதை நிலத்தில் வைத்தேன், எறியவில்லை. மண்டபத்தை விட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க, சொல்லாமல் விட்ட இன்னும் பத்து வசனங்கள் ஒவ்வொன்றாக வாயில் வந்துகொண்டே இருந்தன.